முதலில் உங்கள் மீன் துண்டை எடுத்து வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பத்தாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ஒரு வருடமாக எப்போதும் அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை 68 கிலோ. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6, மூன்று மாத சர்க்கரை (எச்பிஏ1சி) 6.1 என்று வந்தது. "சுகர் வரப்போகுது, சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள் போனில் ஓட்ஸ், சியா விதை, அவகாடோ, கிரீன் டீ என்று காட்டுகிறாள். தெரிந்தவர் ஒருவர் எடை குறைக்கும் பவுடர் கொடுத்தார், மாதம் 2,400 ரூபாய். இரண்டு கிலோ குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப ஏறிவிட்டது. காலையில் டீ, பதினோரு மணிக்கு பன் அல்லது மிச்சமான இட்லி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்குச் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஆறு டீயாவது ஆகிவிடும். இப்போது இரவில் சோற்றை நிறுத்திவிட்டு டீயும் பிஸ்கட்டும்தான். தையல் முடிய இரவு ஒரு மணி ஆகிறது. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்துவிடுவேன். "உன் உடம்பை நீதான் பார்த்துக்கணும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது? அதற்கு மாதம் எவ்வளவு ஆகும்? மாமியாருக்கு பிரஷர் இருக்கிறது. அவருக்கும் எனக்கும் தனிச் சமையல் செய்ய வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 9.6 என்ற எண். உங்களிடம் பேசியவர்கள் 6.1ஐப் பிடித்துக்கொண்டு பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆனால் இப்போது உங்களைப் படுத்திக்கொண்டிருப்பது அந்த 9.6தான். கர்ப்பமாக இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உங்களுடையது அதிலிருந்து நன்றாகவே இறங்கியிருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, காலையில் எழும்போதே களைப்பாக இருப்பது, தலை கிறுகிறுப்பது எல்லாவற்றுக்கும் இதுவே போதுமான காரணம். உங்களை யாராவது சோம்பேறி என்றால் நம்பாதீர்கள். நீங்களே அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் விடுங்கள்.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்ததில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் மகளுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனில் பார்த்து டயட் இருக்கும் வயது, அவளுடைய எண்ணும் குறைவாக இருக்கலாம்.

அடுத்தது, உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தவர்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அந்தப் பரிசோதனை சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அளக்கிறது. இரும்பு போதாமல் புதிய அணுக்கள் சரியாக உருவாகாதபோது, பழைய அணுக்கள் அதிக நாள் சுற்றிக்கொண்டிருக்கும்; அவற்றில் சர்க்கரையும் அதிகமாக ஒட்டியிருக்கும். ஆகவே உங்கள் 6.1 முழுக்க சர்க்கரையால் வந்ததா, ரத்தசோகையால் ஏறியதா என்று இப்போது சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் ஒருமுறை, குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்த சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழும், குளுகோஸுக்குப் பின் 140க்குக் கீழும் இருந்தால் நிம்மதி. அதற்கு மேலே இருந்தால் எச்சரிக்கை. எப்படி வந்தாலும் நான் கீழே சொல்லப்போகும் சாப்பாடு மாறாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ரத்தம் குறைய இதுதான் பெரிய காரணம். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம், இரும்பு மாத்திரையும் அங்கே இலவசம். தைராய்டு, பி12 இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் நேராக ஸ்டான்லிக்குப் போய்விடுங்கள்.

இரும்பு மாத்திரை சாப்பிடும் விதத்தில்தான் நம் பெண்கள் ஏமாந்துபோகிறார்கள். மாத்திரையை விழுங்கி, மேலே டீ குடித்தால் பாதிப் பலன் போய்விடும். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. காபியும் அப்படித்தான், கிரீன் டீயும் அப்படித்தான். பாலும் கால்சியம் மாத்திரையும் கூட அதே வேளையில் வேண்டாம். மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எலுமிச்சம்பழச் சாற்றோடு விழுங்கினால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட பிறகு எடுக்கலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எண் ஏறிய பிறகும் இருப்புக்காகச் சில மாதம் தொடர வேண்டியிருக்கும்.

9.6ஐ பீட்ரூட் ஜூஸை மட்டும் வைத்து ஏற்ற முடியாது. நிறத்தைப் பார்த்து நம்புகிறோம். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. மாதுளையில் அதைவிடக் குறைவு. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. கறிக்கடையில் கிடைக்கும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் அந்த விஷயத்தில் உண்மையிலேயே கெட்டிக்காரச் சாப்பாடு. அதில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை. வாரம் ஒருமுறை போதும். மாட்டுக்கறி சாப்பிடும் வீடு என்றால் அதிலும் நல்ல இரும்பு இருக்கிறது. கோழி ஈரல் விலையும் கம்மி. கீரையில், பயறில் இருக்கும் இரும்பை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று போனால் எடுத்துக்கொள்வது கூடும். முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டுவிட்டுப் பாதி கொய்யாப்பழம் கடிப்பது நல்ல பழக்கம்.

சரி, இப்போது சோற்றுக்கு வருகிறேன்.

அரிசியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பிரச்சினை சோறு இருப்பதில் இல்லை, சோற்றைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போவதில்தான். மூன்று மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு நீங்கள் உட்காரும்போது சட்டியில் என்ன இருக்கும்? மீன் துண்டு பிள்ளைகளுக்குப் போயிருக்கும். கணவருக்கு ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பீர்கள். மாமியாருக்கு முள் இல்லாத இடம். உங்களுக்கு மிஞ்சுவது குழம்பும், வாலோ தலையோ ஒன்று, அடிச்சட்டியில் ஒட்டிய பொரியல், பானையில் இருக்கும் சோறு. பசி உச்சத்தில் இருப்பதால் சோறு நிறையவே இறங்கும். நாள் முழுக்க மாவுச்சத்தும் சர்க்கரையும் மட்டுமே உள்ளே போனால் எடை ஏறும், ரத்தம் ஏறாது. என்னிடம் வரும் வடசென்னைப் பெண்களில் பெரும்பாலோர் சாப்பிடுவது இப்படித்தான். குண்டாக இருக்கிறார்கள், ஆனால் உள்ளே சத்துக் குறைவு.

அதனால் நான் உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து இது. சமைத்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறும் முன்னால், உங்கள் பங்கை ஒரு தட்டிலோ டிபன் பாக்ஸிலோ எடுத்து வைத்து மூடிவிடுங்கள். மீனில் நடுத்துண்டு ஒன்று, பொரியல் ஒரு பெரிய கரண்டி, கூட்டு ஒரு கரண்டி. அது உங்களுடையது, கடைசி நேரத்தில் மகன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மகன் பசியோடு இருந்தால் ஒரு முட்டை உடைத்துப் போடுங்கள். இதைச் செய்ய மனம் கூசும், எனக்குத் தெரியும். நம் அம்மாக்களும் ஆயாக்களும் கடைசியில் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் இந்த வீட்டில் ரத்தம் குறைவாக இருப்பது உங்களுக்குத்தான். குறைந்தவருக்குத்தான் முதல் துண்டு.

நேரத்தையும் மாற்றுங்கள். ஒரு மணிக்கு, மிஞ்சிப் போனால் ஒன்றரைக்கு உட்கார்ந்துவிடுங்கள். தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும், கால்வாசி மீன், முட்டை, பருப்பு, சுண்டல் இவற்றில் ஒன்றுக்கு, மீதிக் கால்வாசி சோறு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்றுதான் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. முதல் நாளே இதைச் செய்தால் பசி ஆறாதது போல இருக்கும். படிப்படியாகப் போங்கள், முதலில் ஒரு கரண்டி சோறு குறைத்து இரண்டு கரண்டி காய் கூட்டுங்கள். இன்னொன்று செய்து பாருங்கள்: உட்கார்ந்ததும் முதலில் பொரியலையும் மீனையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றைப் பிசையுங்கள். சாப்பாடு அதேதான், அளவும் அதேதான், ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இரவில் டீயும் பிஸ்கட்டும் வேண்டவே வேண்டாம். சோற்றை நிறுத்திவிட்டோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; ஆனால் பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான் இருக்கிறது. எட்டு மணிக்கு இரண்டு இட்லி அல்லது இரண்டு தோசை, சாம்பார் நிறைய, ஒரு முட்டை. அல்லது கொஞ்சம் சோறு, மிச்சமிருக்கும் கூட்டு, மோர். ஆறு டீயில் இரண்டு ஸ்பூன் வீதம் போட்டால் பன்னிரண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 60 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பதுதான் அளவு. டீயை மூன்றாகக் குறையுங்கள், ஒரு ஸ்பூனாக்குங்கள். சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம். பதினோரு மணிக்கு பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அல்லது அவித்த காராமணி, கொண்டைக்கடலை. தையல் மெஷின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் தண்ணீரும் அங்கேயே இருக்கட்டும்.

காலையில் டீ மட்டும் குடித்து பதினோரு மணி வரை இருக்காதீர்கள். கேழ்வரகுக் கூழ் உங்களுக்கு நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, முட்டிவலி தொடங்கும் வயதில் அது தேவை. ஆனால் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று நினைத்துப் பெரிய சொம்பு நிறையக் குடிக்கக் கூடாது. ஒரு டம்ளர், கூடவே வெங்காயம், ஒரு அவித்த முட்டை. பழைய சோறும் சாப்பிடலாம், அதே அளவுக் கட்டுப்பாட்டோடு. குடல் நோய் உள்ளவர்களுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஸ்டான்லியிலேயே ஆய்வு நடத்தினார்கள். அதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

மீன் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. வஞ்சிரமும் வவ்வாலும் வாங்க முடியவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் தாராளமாக இருக்கிறது, விலையும் அவற்றில்தான் குறைவு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்கிறது. வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாகவோ, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயிலோ செய்யுங்கள். எண்ணெய் நிறைய ஊற்றி மொறுமொறுவென்று பொரித்தால் மீனைவிட எண்ணெய்தான் அதிகம் உள்ளே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, விலை ஏறிவிடும். அந்த 61 நாளும் முட்டை, கடலை, பயறு, பருப்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் கரையோர மீன் கிடைத்தால் வாங்கலாம்.

அந்த 2,400 ரூபாய்க்கு வருகிறேன். பவுடரில் எடை குறைந்தது எப்படி என்றால், இரண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பவுடரைக் குடித்ததால்தான். எதை நிறுத்தினாலும் குறையும், திரும்பச் சாப்பிட்டால் ஏறும். அதே பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை ஏழு ரூபாய் என்றால் உங்களுக்கும் மகளுக்கும் தினம் ஒன்று, மாதம் 420. கீரை வாரம் நான்கு கட்டு, கட்டு 20 என்றால் 320. கடலையும் பயறும் மூன்று கிலோ சுமார் 400. இதெல்லாம் 1,140. மீதி 1,260 ரூபாயில் மத்தியும் நெத்திலியும் கோழி ஈரலும் கொய்யாவும் எலுமிச்சையும் வாங்கலாம். விலை முன்னே பின்னே இருக்கும்; ஆனால் ஒருவர் குடித்த பவுடர் காசில் வீடே சாப்பிடலாம். ஓட்ஸ் மகளுக்குப் பிடித்தால் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. அவகாடோவும் சியாவும் இல்லாமல் உங்கள் உடம்பு ஒன்றும் இழக்காது. "உடம்பைச் சுத்தம் செய்யும்" பானங்களுக்கும் காசு கொடுக்காதீர்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை நான் பிடுங்க மாட்டேன். மகளோடு போய் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட ஆசையாக இருந்தால் மாதம் ஒருமுறை இருமுறை போங்கள். பக்கத்தில் கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பையும், ஒரு முட்டையையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். பிடித்ததை எல்லாம் தடுத்து ஆரம்பிக்கும் எந்தச் சாப்பாட்டு முறையும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது. உங்களுக்கு வேண்டியது ஆறு மாதத்தில் மூன்றரை முதல் ஐந்து கிலோ குறைவதுதான். சர்க்கரை நோயைத் தள்ளிப்போட அது போதும்.

இதைச் சொல்ல ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. சாப்பாட்டை மாற்றி, தினமும் அரைமணி நேரம் நடக்க ஆலோசனை பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது, ஆலோசனை இல்லாதவர்களைவிட 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்ததிலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். வடசென்னைக்கு இந்த நோயோடு பழக்கம் அதிகம், டாக்டர் எம். விசுவநாதன் ஸ்டான்லியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948இல். அந்த அனுபவம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். லாரி போகும் டி.எச். ரோட்டிலும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் நடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மொட்டை மாடி இருந்தால் அதுவே போதும். விடுமுறை நாளில் ராபின்சன் பூங்காவுக்கு (இப்போது அறிஞர் அண்ணா பூங்கா) மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஹீமோகுளோபின் 9.6 இருக்கும்போது வேக நடை வேண்டாம். மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் மெதுவாகத் தெருவுக்குள் நடங்கள். சாப்பிட்ட பின் நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை அப்போதே குறையும். ரத்தம் 11ஐத் தாண்டிய பிறகு அரைமணி நேரமாக்குங்கள். மணலிப் பக்கத்திலிருந்து கேஸ் நாற்றம் வரும் நாட்களில் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுங்கள். மெஷினில் பாபின் நூல் தீர்ந்து மாற்றும்போதெல்லாம் எழுந்து நின்று தோளைச் சுழற்றுங்கள். கழுத்துக்கும் முதுகுக்கும் அது பெரிய உதவி.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் தூக்கம். ஒரு மணியிலிருந்து ஐந்து மணி என்றால் நான்கு மணி நேரம். இதற்கு ஈடாக எந்தக் கீரையும் இல்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், இனிப்பின் மேல் ஆசை வரும், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை அதிகமாக ஏறும். நீங்கள் ஆறு டீ குடிப்பது ருசிக்காக இல்லை, விழித்திருப்பதற்காக என்று நினைக்கிறேன். தண்ணீர் பிடிக்கும் வேலையை வாரத்தில் மூன்று நாள் மகனிடம் கொடுங்கள், இரண்டு நாள் மகளிடம். பத்தாம் வகுப்புப் பையன் இரண்டு குடம் தூக்கினால் மார்க் குறையாது. பிளவுஸ் வாங்க வருகிறவர்களிடம் இரண்டு நாள் தள்ளித் தேதி சொல்லுங்கள். பொங்கல், தீபாவளி வாரம் தவிர மற்ற நாளில் பதினொன்றுக்கு மெஷினை மூடிவிட முடியுமா என்று பாருங்கள். மதியம் சாப்பிட்டு நடந்த பிறகு அரைமணி நேரம் படுங்கள், யாரும் எதுவும் சொல்லட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். அதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, வீட்டு வேலையில் கொஞ்சம் கை மாற வேண்டும். இந்தக் கடிதத்தை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். துறைமுக வாசலில் வரிசையில் காத்திருந்து கண்ட நேரத்தில் பரோட்டா சாப்பிடும் அவருக்கும் இதில் பாதி பொருந்தும்.

சில நாள் காரணமில்லாமல் அழுகை வந்தாலோ, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டும்கூட மனதை அப்படி இழுக்கும். வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 14416க்கு போன் செய்யலாம், அரசின் டெலி-மானஸ் சேவை, தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

கடைசியாக மாமியார். தனிச் சமையல் வேண்டாம், ஏற்கனவே உங்களுக்கு இருக்கும் வேலை போதும். அவருக்கு ஆகாத உப்பு மற்ற நான்கு பேருக்கும் ஆகாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஐந்து பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது நாற்பது நாள் வர வேண்டும். அதற்கு முன்னால் தீர்ந்தால் கை தாராளமாக இருக்கிறது என்று பொருள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் தினமும் வேண்டாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுச் செய்யுங்கள், குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். எண்ணெய் ஐந்து பேருக்கு மாதம் இரண்டரை லிட்டர், ரேஷன் பாமாயிலையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றால், அடுத்த முறை அந்தப் பணியாளர் வரும்போது உங்கள் கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபினை ஒரு மாதம் கழித்தும், எச்பிஏ1சியை ரத்தம் சரியாகி மூன்று மாதம் கழித்தும் மறுபடி பாருங்கள். அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள்.